ஹாஸ்டலில் போட்ட மூட்டம்

நான் காலேஜில் ஒன்றரை வருஷம் இருந்தேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன். இருந்தேன்.

எனக்கு எழுத வராது. பேசவும் அவ்வளவாக வராது. பேத்திதான் விடவில்லை. "அந்த மூட்டக் கதையை எழுதுங்க தாத்தா" என்றாள். (வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அப்புறம் எதுக்கு எழுதணும்னு கேட்டேன். "எல்லாரும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க, நீங்க உள்ளதைச் சொல்லுங்க" என்றாள்.) உள்ளது இதுதான்.

எங்களுக்கு ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். திருச்சியில் காலேஜ். அங்கேயே ஹாஸ்டல்.

வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஜன்னல் ஓரம் உட்காருவேன். அதில் மலைக்கோட்டை தெரியும். மார்கழியில் கீழே பனி மூடியிருக்கும். ஊர் இருக்காது. பாறை மட்டும் தனியாக மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெயில் ஏறும். பனி போகும். ஒவ்வொரு வீடாக வெளியே வரும். அப்போதும் பார்ப்பேன். மணி அடிக்கும். முடிந்தது என்ன பாடம் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பேன்.

இன்றைக்கும் காலேஜ் என்றால் எனக்கு அந்தப் பாறைதான். வேறு ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

முதல் பரீட்சையில் ஐந்து பாடம். ஐந்தும் போச்சு.

வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். எங்களுக்குக் கணக்கு எடுத்ததும் அவர்தான். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும். கோபம் வந்தாலும் சத்தம் போட மாட்டார். அதுதான் பயம்.

"ஏண்டா, கிளாஸ்லே எங்கேடா போயிடறே நீ?"

"இங்கதான் சார் இருக்கேன்."

"உடம்பு இருக்கு. அதை நான் கேக்கலே. இதோ பார், இன்னும் ஒரே ஒரு சமாசாரம் உன் பேர்லே வந்துதோ, டி.சி.யைக் கையிலே குடுத்துடுவேன். புரிஞ்சுதா?"

புரிந்தது. அவர் சொல்லிக் கொடுத்ததில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

டி.சி.யோடு எப்படி ஊருக்குப் போவது? அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் "மகன் காலேஜுல" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை நனைப்பாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. (இறங்கிச்சு. ரெண்டாம் தடவை வாங்கும்போது கொஞ்சம் யோசிப்பேன், அவ்வளவுதான்.)

அப்போதுதான் ஹாஸ்டல் டே வந்தது. இலை போட்டு விருந்து. பழைய மாணவர் ஒருவர், பெரிய அதிகாரி, சிறப்பு விருந்தினராக வருகிறார். மெஸ்ஸில் வைத்து வார்டன் கேட்டார்.

"வாழைப்பழம் யார் பொறுப்பு?"

என் கை மேலே போனது. காலேஜில் சேர்ந்து நான் தூக்கிய முதல் கை. வார்டன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"நீயா?"

"எங்க தோட்டத்துப் பூவன் சார். நானே பழுக்க வெச்சுத் தரேன்."

அன்றைக்கு எனக்கு வந்த கனவை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அதிகாரி பழத்தைக் கடிக்கிறார். கண்ணை மூடுகிறார். "யார் கொண்டு வந்தது?" என்கிறார். வார்டன் என் பெயரைச் சொல்கிறார். டி.சி. பேச்சு அதோடு காற்றில் போகிறது. இரண்டு நாள் இதையே கண்டேன். ஜன்னலில் பாறைகூடத் தெரியவில்லை.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். அப்பா பத்துத் தார் வெட்டி வண்டி ஏற்றினார். நல்ல முற்றல். பச்சை. "மார்க்கெட் மண்டியில இறக்கு. மூட்டம் போட்டுப் பழுக்க வெச்சுக் கொடுப்பாங்க" என்றார். சரி என்றேன். வண்டியை நேராக ஹாஸ்டலுக்கு விட்டேன். மண்டிக்காரன் பழுக்க வைத்தால் பெயர் மண்டிக்காரனுக்குத்தானே?

மூட்டம் பெரிய வித்தை இல்லை. தாரை அறையில் அடுக்க வேண்டும். பானையில் தேங்காய் நார் மஞ்சியைப் போட்டுக் கங்கு வைத்துப் புகைய விட வேண்டும். கதவைச் சாத்திச் சந்து பொந்தெல்லாம் களிமண்ணால் பூச வேண்டும். புகை உள்ளேயே நிற்கும். காய் பழுக்கும். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன். போட்டதில்லை.

மெஸ் சமையல்காரர் ரெங்கசாமி அண்ணன். அடுக்களைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைத் திறந்து கொடுத்தார்.

"பழைய பானை எதுக்குடா?"

"சும்மாண்ணே."

களிமண் கிடைக்கவில்லை. டவுனில் களிமண்ணுக்கு எங்கே போவது? மெஸ் சோற்றைப் பிசைந்து பசையாக்கினேன். நியூஸ் பேப்பரைக் கிழித்துக் கதவு, ஜன்னல், மேலே காற்றுப் போகிற ஓட்டை எல்லாவற்றிலும் ஒட்டினேன். அழகாக இருந்தது. தள்ளி நின்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மத்தியானம். கணக்கு இல்லை, வேறு ஏதோ பாடம். வெளியே வெயிலில் பாறை ஆடியது. என் கண் சொக்கியது. கனவில் அதிகாரி இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் மணியை அடி அடி என்று அடித்தார்.

"ஹாஸ்டல்ல தீ! தீ!"

எல்லாரும் ஓடினார்கள். முதலில் ஓடியது நான். அடுக்களைப் பக்கம் கருகருவென்று புகை. ஐயோ, தீ என் தார்களைப் பிடித்துவிடுமே!

இந்த இடத்தில்தான் எல்லாரும் நிறுத்தச் சொல்வார்கள். "உங்க புகைன்னு உங்களுக்கே தெரியலையா?" தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் மூட்டம் போட்டால் ஒரு நூல் புகை வெளியே வராது. மூட்டம் வேறு, தீ வேறு. என் மூட்டம் உள்ளே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ரெங்கசாமி அண்ணன் இருமிக்கொண்டு நின்றார். அவரைப் பிடித்துக் கத்தினேன். வாழ்க்கையில் நான் கத்தியது அன்றைக்குத்தான்.

"அடுப்பை அணைச்சுட்டுப் போக மாட்டீங்களாண்ணே? உள்ள பழம் இருக்குண்ணே!"

"அடுப்பு எப்பவோ அணைஞ்சுதுடா!"

நான் கேட்கவில்லை. தொட்டியில் வாளியை முக்கி முக்கி ஊற்றினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் ஊற்றினார்கள். "பயல் என்ன தைரியம்!" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு வாளியை வீசி எறிந்தேன். அப்போது புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. வாளித் தண்ணீர் முழுக்க அதன் மேல் விழுந்தது.

வார்டன். பக்கத்து அறையில் சாப்பிட்டுப் படுத்திருந்தவர். திருமண் கரைந்து மூக்கு நுனியில் சொட்டியது.

அப்போதும் நான் நிற்கவில்லை. சாமான் அறைக் கதவை உதைத்தேன். திறந்தது. பொசுபொசுவென்று மீதிப் புகையும் வெளியே வந்தது. பிறகு மெல்லக் கலைந்தது. மார்கழிப் பனி கலைகிற மாதிரிதான். ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தார்கள். சுவர். நடுவில் பானை. பானையில் கங்கு.

தீ எங்கேயும் இல்லை.

என் காலடியில் ஒரு பேப்பர் துண்டு கிடந்தது. சோற்றுப் பசை காய்ந்து உரிந்திருந்தது.

ரெங்கசாமி அண்ணன் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சும்மாண்ணே, இல்ல?"

வார்டன் முகத்தைத் துடைத்தார். "அப்பாவை அழைச்சிண்டு வா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அப்பா வந்தார். சட்டையெல்லாம் வாழைக்கறை. வார்டன் மேசை மேல் ஒரு காகிதம் இருந்தது. அது என் டி.சி. என்று எனக்குத் தெரியும். அப்பா அதைப் பார்க்கவில்லை. நேராகச் சாமான் அறைக்குப் போனார். வார்டனும் பின்னால் போனார். அப்பா ஒரு காயை அழுத்திப் பார்த்தார். கதவைத் தடவினார்.

"எதுலடா பூசுனே?"

"பேப்பர்."

"எதை வெச்சு ஒட்டுனே?"

"சோறு."

அப்பா கதவில் ஒட்டியிருந்த பருக்கையைச் சுரண்டினார். பிறகு வார்டன் பக்கம் திரும்பினார்.

"சாமி, இவனை வெளிய அனுப்பிச்சிறாதீங்க."

"ஏன்யா, உம்ம பிள்ளை ஹாஸ்டலையே கொளுத்தியிருப்பானே?"

"அதில்ல சாமி. பேப்பர்ல மூட்டம் போடுறவனைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது? ஊர்ல என்னைத்தான் சிரிப்பாங்க. நீங்களே வெச்சுக்குங்க."

வார்டன் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அறைக்குத் திரும்பியதும் மேசைமேல் இருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

பத்துத் தாரும் பழுக்கவில்லை. அன்று ஹாஸ்டல் டே விருந்தில் வாழைக்காய் வறுவல், வாழைக்காய்ப் பொரியல், வாழைக்காய்க் கூட்டு, வாழைக்காய் பஜ்ஜி. ரெங்கசாமி அண்ணன் என்னை உட்கார வைத்து அத்தனையும் சீவ வைத்தார். அதிகாரி வறுவலை மூன்று தடவை கேட்டு வாங்கினார். யார் கொண்டு வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பாதியில் நானாகவே வந்துவிட்டேன். யாரும் அனுப்பவில்லை. அது ஒரு பெருமை. தோட்டத்தில் அப்பா இருந்தவரை என்னை மூட்டம் பக்கம் விடவில்லை. இப்போதும் நான் வீட்டைப் பூட்டினால் என் மனைவி கேட்பாள்: "பேப்பர் ஒட்டியாச்சா?"

பேத்தி இப்போது ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள்.

"தாத்தா, இங்க ஹாஸ்டல் டே. பழத்துக்கு யார் பொறுப்புன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கையைக் கீழ பிடிச்சுக்கிட்டேன் தாத்தா. ரெண்டு கையையும்."

நல்லது என்றேன். போனை வைத்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் நாலு தார் அனுப்பினேன்.

மண்டியில் பழுத்தது.