அடைப்பு எனக்கில்லை, குழாய்க்கு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் அக்கா, பாத்திரம் கழுவும் தொட்டி மூவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. வாய் நன்றாக வேலை செய்கிறது என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லக் கேட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போன சனிக்கிழமை தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. ப்ளம்பரைக் கூப்பிடச் சொன்னாள் உங்கள் அக்கா. வீம்புக்கு நானே கடைக்குப் போய் அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பி வாங்கி வந்தேன். "சுத்திக்கிட்டே உள்ள விடுங்க சார், எங்க இடிக்குதோ அங்கதான் அடைப்பு" என்றார் கடைக்காரர். சுற்றினேன், சுற்றினேன், எங்கேயும் இடிக்கவில்லை, கம்பி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, நம் வீட்டுக் குழாய் இவ்வளவு நீளமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா குளியலறையில் துணி அலசிக்கொண்டே உங்களிடம் போனில், "காலையிலேர்ந்து அடைப்போட போராட்டம்டா. ஸ்பிரிங்க உள்ள விட்டாச்சு, இனிமேதான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லி வாய் மூடவில்லை, கம்பியின் முனை குளியலறைத் தரை ஓட்டை வழியாக அவள் கால் பக்கத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது. "ஐயோ, போச்சு" என்று அலறி, போனை வாளிக்குள் போட்டுவிட்டாள்.

நெஞ்சு அடைப்புக்கும் ஸ்பிரிங் வைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்காக, "யாருக்கு அடைப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என் போனுக்குக் கூப்பிட்டதாகச் சொல்வீர்கள். அடித்தது உண்மை. கையெல்லாம் கருப்புச் சகதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், கம்பியோடு மல்லுக்கட்டியதில் மறந்தே போனேன். அதற்குள் நீங்கள் எனக்கு நெஞ்சடைப்பு என்று வெளியூரில் இருக்கும் என் பிள்ளைக்கே சொல்லிவிட்டீர்கள்.

மூன்று வருடமாக வாசல் மிதிக்காதவன், விடிந்ததும் பையோடு வந்து நின்றான். நான் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, விடிய விடிய கம்பி சுற்றிய அலுப்பில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். "அப்பா" என்று ஒரு கத்தல். எழுந்த வேகத்தில் தொட்டியில் மண்டை இடித்தது. வலித்ததைவிட எனக்குச் சந்தோஷம்தான் அதிகம், அதை உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவன் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அப்போது பார்த்து உங்கள் அக்கா, "குழாய்தான்டா அடைச்சிருக்கு" என்றாள்.

அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. "லீவு போட்டு அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தா, குழாயா? என்னை வரவைக்கிறதுக்கு மாமாவும் நீங்களும் சேர்ந்து நாடகமாடுறீங்களா?" என்றான். நான் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. "இனிமே அடைப்புன்னு போன் வந்தா, நெஞ்சா குழாயான்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, பையைக்கூடத் திறக்காமல் போய்விட்டான். உங்கள் அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தொட்டியில் தண்ணீர் மட்டும் ஜோராக இறங்குகிறது.

ஆகவே, இனி எங்கள் வீட்டு விஷயம் எதையும் என் பிள்ளையிடம் மாற்றிச் சொல்லாதீர்கள். குழாய் என்றால் குழாய், நெஞ்சு என்றால் நெஞ்சு. கேட்டதை அப்படியே சொல்லப் பழகுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் நாக்குக்கு நல்ல ஓய்வு கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் அத்தான்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கம்பி சுற்றியதில் தோள் வலிக்கிறது என்று இன்று டாக்டரிடம் போனேன். தோள் இல்லையாம். இரண்டு இடத்தில் அடைப்பாம், திங்கட்கிழமை ஸ்பிரிங் வைக்கிறார்கள். அக்காவுக்குத் துணையாக நீங்கள் வந்துவிடுங்கள். பிள்ளை போன் செய்து கேட்டால், குழாய் என்றே சொல்லிவிடுங்கள், மச்சான்.