மல்லாங்கிணற்றில் எனக்கொரு மூத்த மகள்

பிள்ளைகளா, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் உங்கள் அம்மா என்னைப் பார்த்து, "மூத்தவளுக்கும் ஒரு சேலை எடுத்துருவமா?" என்று கேட்பாள். நான் காது கேட்காதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். அந்த மூத்தவள் எப்படிப் பிறந்தாள் என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இப்போது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் எந்த அறைக்குள் போவதென்றாலும், வெளியே வருகிற ஆளை மறித்து, "உள்ள என்ன கேக்குறாக?" என்று விசாரிக்காமல் யாரும் போவதில்லை. லோனு ஆபீசு, லைசென்ஸு டெஸ்ட்டு, பொண்ணு பார்க்கும் வீடு, எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கோ பரீட்சை என்றாலே ஆகாது. கேட்காமல் இருப்பேனா?

நான் ஓட்டும் மினி பஸ்ஸின் கூரையிலிருந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எம்.ரெட்டியபட்டியில் பருத்தி மூட்டையை மேலே ஏற்றும்போது கால் வழுக்கியது. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் தலையில் அடிபட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தேறி வந்து முதலாளியிடம் பஸ் சாவியைக் கேட்டேன்.

"ஏலே, காலும் கையும் சரியாயிருச்சு, கண்ணால பாக்குறேன். தலை சரியாயிருச்சான்னு நான் எப்படிப் பாக்க? மதுரையில அதுக்குன்னு டெஸ்ட்டு வைக்கிறாகளாம். எழுதி வாங்கிட்டு வா, சாவியை எடுத்துக்கோ" என்றார்.

நானும் உங்கள் அம்மாவும் மதுரைக்குப் போனோம். டெஸ்ட்டு வைக்கும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அம்மா டீ வாங்கப் போன நேரத்தில், உள்ளேயிருந்து ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். மல்லாங்கிணற்றுக்காரர், லேசாகப் பக்கவாதம் வந்து தேறியவர். மறித்தேன்.

"என்ன கேக்குறாக அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்குற! மொதல்ல ஊரு, பிள்ளைக, தொழிலு. அப்புறம் அஞ்சு சாமான் பேரைச் சொல்லுவாக, ஒண்ணு விடாமத் திருப்பிச் சொல்லணும். கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் கேப்பாக."

"நீங்க என்ன சொன்னீக?"

அவர் தங்கமான மனிதர். கேள்வியையும் தன் பதிலையும் சேர்த்து ஒன்று விடாமல் ஒப்பித்தார். நான் ஸ்கேன் கவரின் பின்பக்கம் அப்படியே எழுதிக்கொண்டு, வராந்தாவில் நடந்து நடந்து உருப்போட்டேன். (அந்த ஊக்கத்தை எட்டாவதில் காட்டியிருந்தால் இன்றைக்கு நானும் ஓர் ஆபீசர்!)

டீ வாங்கி வந்த அம்மாவையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். உள்ளே நிவேதா என்று ஒரு சின்னப் பொண்ணு, கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். மூலையில் அவளுடைய பேராசிரியை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா..." என்றேன்.

"டாக்டர் இல்லங்க ஐயா, சைக்காலஜி படிக்கிறேன், பயிற்சிக்கு வந்திருக்கேன். நான் உங்களுக்கு டெஸ்ட்டு வைக்கிறதை மேடம் பார்த்து மார்க்கு போடுவாங்க."

ஆக அந்த அறையில் பரீட்சை எழுதியது இரண்டு பேர். 

"மொதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க ஐயா. பிள்ளைக எத்தனை பேரு?"

நான் கண்ணை மூடினேன். வண்டி கிளம்பிவிட்டது.

"ஊரு மல்லாங்கிணறு. மூணும் பொண்ணுக. மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, மாப்பிள்ளை விருதுநகர்ல மளிகைக்கடை வச்சிருக்காரு. குடை, சாவி, கிணறு, வாழைப்பழம், மாட்டுவண்டி."

கண்ணைத் திறந்தேன். நிவேதா வாய் பிளந்து நின்றாள். பக்கத்தில் உங்கள் அம்மா என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஏங்க, யாரு அந்த மாப்பிள்ளை?"

நிவேதா தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் ஊர் திருச்சுழி என்றும், ஒரு பையன், ஒரு பெண் என்றும் எழுதியிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவிடம் குனிந்து, "எத்தனை நாளா இப்படிப் பேசுறாரும்மா?" என்றாள் ரகசியமாக. அவ்வளவுதான், உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். மூளை கலங்கிவிட்டதென்று அழுதாளா, மல்லாங்கிணற்றில் ஒரு குடும்பம் இருக்கிறதென்று அழுதாளா என்பதை இன்றுவரை அவள் சொல்லவில்லை.

மூலையிலிருந்து பேராசிரியை கேட்டார்: "நிவேதா, அந்த அஞ்சு சாமான் பேரை நீ இன்னும் சொல்லவே இல்லையே. அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் ஸ்கேன் கவரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பேராசிரியை அதைப் படித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தத் தாளை வச்சு இனி ஒண்ணும் சொல்ல முடியாது. வேற தாள்ல மொதல்லேருந்து வைக்கணும். சாப்பாட்டு நேரம் ஆச்சு, இன்னொரு நாள் வரச் சொல்லலாமா?"

நிவேதா என்னைப் பார்த்தாள். "இவரு பஸ் ஓட்டுறவரு மேடம். இப்பவே பாத்துருறேனே" என்று சாப்பாட்டுப் பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இந்தமுறை உதவிக்கு அண்ணாச்சி இல்லை. ஐந்து பெயர்களைத் தப்பில்லாமல் சொன்னேன். அடுத்து ஒரு தாள். எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து 'அ', அங்கிருந்து இரண்டு, பிறகு 'ஆ' என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். நாலு வந்ததும் எழுத்து மறந்தது. எழுத்தைப் பிடித்தால் எண் ஓடியது. என் கோடு ரோட்டை விட்டிறங்கிக் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது.

அவள் கடிகாரத்தை நிறுத்தினாள்.

"ஞாபகமெல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் கவனம் வைக்கிறதுதான் இன்னும் சரியாகல. ஆயிரும். மூணு மாசம் ஓட்டாம இருங்க, மறுபடியும் பாப்போம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எழுதிக் குடுத்துருங்க தாயி, நான் மெதுவா ஓட்டிக்கிறேன்."

"காலையில உங்க பஸ்ஸுல யாரெல்லாம் ஏறுவாங்க?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைக..." என்றேன். ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நீங்களும் அதே பஸ்ஸில்தானே போனீர்கள்.

முதலாளி பெரிய மனது வைத்து அந்த மூன்று மாதமும் என்னைக் கண்டக்டராக வைத்துக்கொண்டார். டிரைவர் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணை மனசுக்குள் வைதேன். ஒருநாள் காலை, பையன்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு முன்பக்கம் நின்றேன். ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. புது டிரைவர் பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்று, பிள்ளைகள் கூச்சல் போட்ட பிறகுதான் நான் ஆட்டையே பார்த்தேன். கண் ரோட்டின்மேல்தான் இருந்தது, கவனம் டிக்கெட்டிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ஸ்டியரிங் என் கையில் இருந்திருந்தால்? அதோடு வைவதை நிறுத்தினேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது வெளியே பெஞ்சு இருந்தது. ஆனால் யாரும் வெளியே வரவில்லை. "முடிச்சவங்களை அந்தப் பக்கத்துக் கதவு வழியா அனுப்பிருறோம். உங்களாலதான் ஐயா" என்று நிவேதா சிரித்தாள். பிறகு கேட்டாள்: "பிள்ளைக எத்தனை பேரு?"

"ரெண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் உங்கள் அம்மா.

அந்தமுறை கோடு ரோட்டிலேயே போனது. சாவி என் கைக்கு வந்தது.

போன மாதம் வீட்டுக்கு ஓர் ஆள் கணக்கெடுக்க வந்து, "பிள்ளைக எத்தனை?" என்றார். ரெண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சாப்பாட்டுப் பையைத் தள்ளிவிட்டு வேறு தாளை எடுத்த அந்தப் பொண்ணு நினைவுக்கு வந்துவிட்டாள். அந்த இடத்தில் பெற்ற மகளே இருந்திருந்தாலும் அவ்வளவு கண்டிப்பாகச் சாவியைப் பிடுங்கியிருப்பாளா என்று தோன்றியது.

அதற்குள் அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது: "சார், அவரு மூணும்பாரு, எழுதிறாதீங்க!"