கெரிம்குல் தன் பசுவைத் தானே கடத்தியது

இனிமேல் இந்த வீட்டில் நாய் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று கெரிம்குல் முடிவெடுத்தான். எடுத்த முடிவை உரக்கவே அறிவித்தான். பட்டியில் நின்ற செம்மறிகள் அத்தனையும் கேட்டன. ஒன்றுகூட மறுத்துப் பேசவில்லை. அதில் அவனுக்குப் பெரிய தைரியம் வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தோடு பனியை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். வாசலில் காலணியைக் கழற்றியபோது தைரியமும் கூடவே கழன்றுவிட்டது.

அடுப்பில் வரட்டி போட்டுக்கொண்டிருந்த மனைவி புருல் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, மீரிம் அப்பா?"

"ஒண்ணுமில்ல. வெளிய பனி ஜாஸ்தி."

"மார்கழி மாசம் மலை மேல பனி இருக்குன்னு சொல்லவா இவ்வளவு வேகமா வந்தீங்க?"

கெரிம்குல் உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல் வரை நடந்தான். திரும்பி வந்தான். அடுப்பருகில் ஏழு நாய்களில் நான்கு கிடந்தன. மூன்று கால் மோய்னோக் அவன் உட்காரும் கம்பளத்தில் படுத்திருந்தது. நகரத்தில் யாரோ கைவிட்ட குட்டை நாய் மிட்டாய், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. அது போன குளிர்காலம் வரை கெரிம்குலின் கம்பளிச் சட்டை.

இலையுதிர் காலத்தில் ஜனங்கள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கும்போது பழையதையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு வருவார்கள். உடைந்த வாளி, கிழிந்த கூடாரம், வயசான நாய். வாளியையும் கூடாரத்தையும் புருல் தொட மாட்டாள்.

"புருல், இந்த நாய்ங்க..."

"சொல்லுங்க."

"சினை ஆடுங்க பட்டியில நிக்குது. குட்டி போடற காலம் நெருங்குது. இந்த ஏழும் நடுவுல புகுந்து ஓடுது. ஒரு ஆடு மிரண்டா எல்லாம் மிரளும். குட்டி கலைஞ்சா என்ன பண்றது?"

"போன வருஷம் ஓநாய் வந்தப்ப யாரு குரைச்சு விரட்டினது?"

"நாய்ங்கதான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"போர்வைக்குள்ள."

"அப்ப யாரை அனுப்பணும்?"

கெரிம்குல் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தான். "கீழ செங்கல் சூளைக்காரர் நல்ல மனுஷன். காவலுக்கு நாய் வேணும்கிறார். சூடான இடம், ரெண்டு வேளை சோறு. நாளைக்கு மாவு லாரி வருது. திரும்பிப் போகும்போது காலி வண்டி. ஏத்தி விட்டுடலாம். நாளைய விட்டா கணவாய் மூடிடும். அப்புறம் பனி உருகற வரைக்கும் வண்டி கிடையாது."

புருல் வரட்டியை உடைத்து அடுப்பில் திணித்தாள்.

"ஏத்துங்க. ஓட்டுநர் பக்கத்துல எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க."

கெரிம்குலுக்குப் பால் கறக்கத் தெரியாது. ரொட்டி சுடத் தெரியாது. அவன் மறுபடி ஜன்னல் வரை நடந்தான்.

புருலை வெல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அது சுயுஞ்சு. நல்ல சேதி கொண்டு ஓடி வருகிறவன் சேதியைச் சொல்ல மாட்டான். "சுயுஞ்சு!" என்றுதான் கத்துவான். என்ன சேதி என்று தெரியும் முன்பே, கேட்கிறவர் பரிசுக்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டுப் பின்வாங்கினால் வந்த நல்லதும் வந்த வழியே போய்விடும். இதில் புருல் மகா கண்டிப்பு. மகள் மீரிமுக்குப் பையன் பிறந்த சேதியோடு வந்த தபால்காரர், கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவளுடைய வெள்ளிக் காதணியைக் கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். பல்லைக் கடித்தது முக்கியமில்லை. கொடுத்தாள்.

ஆகவே ஒரு நல்ல சேதி வேண்டும். கெரிம்குல் யோசித்துப் பார்த்தான். வீட்டில் நல்ல சேதி எதுவும் கையிருப்பில் இல்லை. அப்படியானால் முதலில் ஒரு கெட்ட சேதியை உண்டாக்கி, பிறகு அதைச் சரி செய்ய வேண்டியதுதான்.

புருலுக்கு ஆலா என்று ஒரு புள்ளிப் பசு. நிறைசினை. அதை அவள் பெற்ற மகளைப் போல வளர்க்கவில்லை. மகளை அவ்வளவு கவனிக்கவில்லை.

அன்று மதியமே ஓடையைத் தாண்டி, பக்கத்துப் பண்ணைத் தொக்தோசுனிடம் போனான்.

"அண்ணே, நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க," என்றான் தொக்தோசுன், விதை கொறித்தபடி. "உங்க மாட்டை நீங்களே திருடறீங்க."

"கத்தாதடா."

"என் தொழுவத்துல ஒளிக்கறீங்க. அண்ணி அழுவாங்க. நீங்க கண்டுபிடிச்ச மாதிரி ஓடி வந்து சுயுஞ்சு கேப்பீங்க. நாயெல்லாம் லாரியில ஏறிடும்."

"ஆமா."

"அண்ணிகிட்ட நேரா சொல்லிட்டா என்ன?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவளும் லாரியில ஏறுவாளாம்."

தொக்தோசுன் விதைத் தோலைத் துப்பினான். "சரி, மாட்டைக் கொண்டாங்க. அண்ணனுக்காக இதைக்கூடச் செய்யலேன்னா எப்படி?"

மறுநாள் காலை புருல் ஆடுகளுக்குப் புல் போடப் போன நேரம், கெரிம்குல் ஆலாவின் கழுத்தில் கயிறு மாட்டினான். ஆலாவுக்கு நடக்க விருப்பமில்லை. வயிறு இரண்டு பக்கமும் பானை மாதிரி ஆடியது. நாய்கள் ஏழும் பின்னாலேயே வந்தன, கல்யாண ஊர்வலம் போல. பனிக்காலம் முழுவதும் அவை ஆலாவின் முதுகோடு ஒட்டித்தான் தூங்கும்.

"போ! போ!" என்று கிசுகிசுத்தான் கெரிம்குல். மிட்டாய் அவன் முன்னாள் சட்டையில் நின்று வாலை ஆட்டியது.

கடைசியில் பையில் இருந்த காய்ந்த தயிர் உருண்டைகளை எல்லாம் இறைத்து அவற்றைத் திருப்பி அனுப்பினான். பிறகுதான் குளம்புத் தடங்களைப் பார்த்தான். பனியில் ஒவ்வொன்றும் தட்டு அகலத்துக்குப் பதிந்திருந்தது. புத்தியுள்ள மனிதன் தடயம் விட மாட்டான். ஒரு மரக்கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே போனான். தொக்தோசுனின் தொழுவத்தில் மாட்டைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. அவன் வீட்டு வாசலிலிருந்து தொக்தோசுன் வீட்டு வாசல் வரை, பண்டிகைக்குப் பெருக்கியது போல ஒரு பாதை இருந்தது.

பரவாயில்லை, மறுபடி பனி பெய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது புருல் தொழுவ வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆலாவைக் காணோம்."

"ஐயோ!" என்றான் கெரிம்குல். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. "எப்படி?"

"கயிறு அவுந்திருக்கு. இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடற மாடு. வெளிய போட்டா கன்னு விறைச்சுப் போயிடும், மீரிம் அப்பா."

அவள் குரல் உடைந்தது. எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடலாம் என்றுகூடக் கெரிம்குல் நினைத்தான். ஆனால் மோய்னோக் அவன் கையுறை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கடந்து போனது. மனசைக் கல்லாக்கிக்கொண்டான்.

"நான் தேடிட்டு வரேன். நீ வீட்டுலயே இரு."

குதிரையில் ஏறிப் போய், மேட்டுக்குப் பின்னால் இருந்த புல்போரின் மறைவில் நின்றான். லாரி பிற்பகலில்தான் வரும். அதுவரை புருலின் கவலை நன்றாகப் பழுக்கட்டும். ஆனால் அவனுக்கு நிற்க முடியவில்லை. போரை ஒரு சுற்றுச் சுற்றினான். குதிரை மேல் ஏறினான். இறங்கினான். ஆலாவுக்குத் தொக்தோசுன் தண்ணீர் வைத்திருப்பானா? அந்தத் தொழுவத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? ஒருவேளை கன்று இப்போதே வந்துவிட்டால்? பனி விழ ஆரம்பித்தது. அவன் மறுபடி குதிரையில் ஏறினான். இந்தத் தடவை இறங்கவில்லை.

தொக்தோசுனின் தொழுவம் திறந்து கிடந்தது. உள்ளே ஆலா இல்லை. தொக்தோசுனும் இல்லை. அவன் மனைவி சமையல் வாசலில் நின்று கையைத் துடைத்தாள்.

"மாடா? எனக்கென்ன தெரியும்? அவர் எப்பவோ வெளிய போனார். எங்க போறேன்னு சொல்லிட்டுப் போற ஆளா அவர்?"

விளையாட்டுக்குத் தொலைத்த மாடு நிஜமாகவே தொலைந்துவிட்டது. கெரிம்குல் ஓடைக் கரை முழுக்கத் தேடினான். "ஆலா! ஆலா!" என்று கத்தினான். பனி அவன் குரலை விழுங்கியது. தடம் பார்க்கலாம் என்றால் விழுந்த பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. காலையில் அவன் ஆசைப்பட்டபடியே. பாறை ஒவ்வொன்றும் படுத்த மாடாகத் தெரிந்தது. கிட்டே போனால் பாறை. ஒரு பாறையிடம் மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டான்.

புருலிடம் என்ன சொல்வது? உன் பசுவை நான்தான் கொண்டுபோனேன், ஆனால் கொண்டுபோன இடத்தில் இல்லை என்றா?

மீசையெல்லாம் பனிக்கட்டியாகத் தொங்க, அவன் வீடு திரும்பினான். வாசலில் மாவு லாரி நின்றது. மூட்டைகள் இறக்கியாகிவிட்டன. பின்பலகை திறந்தே இருந்தது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கைகளை உரசிக்கொண்டே, "சீக்கிரம்! கணவாய் மூடறதுக்குள்ள தாண்டணும்! நாயெல்லாம் எங்க?" என்றார்.

கெரிம்குல் வாயைத் திறக்கும் முன்பே வாசலிலிருந்து புருல் ஓடி வந்தாள்.

"சுயுஞ்சு! மீரிம் அப்பா, சுயுஞ்சு!"

குதிரையிலிருந்து பாதி இறங்கியும் இறங்காமலும் அவன் கத்தினான். "எடுத்துக்கோ! எதை வேணாலும் எடுத்துக்கோ! சொல்லு!"

"எதை வேணாலுமா?"

"குதிரையை எடுத்துக்கோ! வீட்டை எடுத்துக்கோ! சொல்லித் தொலை!"

"குதிரை வேண்டாம். நாய்ங்க எங்கயும் போகாது. இனிமே வர்றதும் போகாது. சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!"

புருல் லாரிப் பக்கம் திரும்பினாள். "நீங்க கிளம்புங்க, அண்ணே. பாதை வழுக்கும், பாத்துப் போங்க." பின்பலகை மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் கணவனைப் பார்த்தாள். "ஆலா கிடைச்சிடுச்சு. தொழுவத்துல இருக்கு. கன்னும் போட்டாச்சு. கிடாரி."

கெரிம்குல் தொழுவத்துக்கு ஓடினான். ஆலா கன்றை நக்கிக்கொண்டிருந்தது. நாய்கள் சுற்றிலும் வேலி மாதிரி படுத்துக் காற்றை மறித்திருந்தன. மிட்டாயின் கம்பளிச் சட்டை இப்போது கன்றின் முதுகில் இருந்தது. அவன் ஆலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் மூளை மெதுவாக வேலை செய்தது.

"ஆமா, இது எப்படி வந்துச்சு?"

"உள்ள வாங்க. டீ ஆறுது."

உள்ளே அடுப்பருகில், பாலேட்டை ரொட்டியில் கனமாகப் பூசிக்கொண்டு, தொக்தோசுன் உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணே, உட்காருங்க," என்றான், வீட்டுக்காரனிடம்.

"நீயா!"

"கோபப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க. அண்ணியோட மாடு காணோம். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதைவிட நல்ல சேதி யாருகிட்ட இருக்கு? ஒரு மனுஷன் வாழ்க்கையில இப்படி ஒரு சுயுஞ்சு எத்தனை தடவை கிடைக்கும்?"

"ரெண்டு பேரும் போய் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தோம்," என்றாள் புருல். "காலையில வாசல்லேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் பாதை சுத்தமா இருந்ததைப் பாத்தேன். கல்யாணமான நாள்லேருந்து முதல் தடவையா நீங்க பெருக்கியிருக்கீங்கன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

கெரிம்குல் தலையைக் குனிந்துகொண்டான். கன்று நலம், மாடு நலம். ஏழு நாய் இருந்தால் இருக்கட்டும். ஏழோடு போயிற்றே. திடீரென்று நிமிர்ந்தான்.

"டேய், உனக்கு என்ன சுயுஞ்சு குடுத்தா?"

தொக்தோசுன் டீக் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

"குடுக்கலண்ணே. எடுத்துக்கிட்டாங்க. என் மாமனார் செத்தப்ப அவரோட நாய் என் வீட்டுக்கு வந்திடுச்சு. என் பொண்டாட்டி தினமும் அதை வெச்சு ஒரு சண்டை. அதை நீங்களே எடுத்து வளக்கணும்னு அண்ணிகிட்ட கேட்டேன்."

மூலையில் குவித்திருந்த ஆட்டுத்தோல்கள் அசைந்தன. அடியிலிருந்து ஒரு நாய் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. முழுதும் எழுந்து முடித்தபோது அதன் முகம் கெரிம்குலின் தட்டுக்கு நேராக இருந்தது.

"சம்மதம்னு சொன்னீங்கல்ல?" என்றாள் புருல். "புதுசா வந்திருக்கு. வெறுங்கையோட பாக்காதீங்க."

கெரிம்குல் பெருமூச்சு விட்டான். தட்டிலிருந்த கறியோடு கூடிய பெரிய எலும்பை, நாள் முழுக்கப் பனியில் அலைந்தவனுக்கென்று புருல் எடுத்து வைத்திருந்ததை, எடுத்து நீட்டினான்.

நாய் முகர்ந்துவிட்டு அவனையே பார்த்தது.

"கறியை மட்டும் பிச்சுப் பிச்சு ஊட்டுங்கண்ணே," என்றான் தொக்தோசுன். "அதுக்குப் பல்லு கிடையாது."