பத்துக்கு எட்டு

“அப்ப நீ போட்டுக் காட்டு கோச்சு” என்று லோகநாதன் சொன்னபோது ரயில் அண்ணனூரில் நின்றுகொண்டிருந்தது. இறங்கி ஓடிவிட வசதியான நேரம்தான். கங்காதரன் ஓடவில்லை.

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகிற காலை ரயிலில், மூன்றாவது பெட்டியின் கதவோரம் நாலு பேர் தினமும் ஒரே செல்போனைச் சுற்றி நிற்பார்கள். அமெரிக்காக்காரன் ராத்திரி ஆடுகிற பாஸ்கெட்பால் நமக்குக் காலையில் வருகிறது. லோகநாதன் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவர், பாரிமுனையில் பேரிங் கடை. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஏறுகிற அப்துல் ரசாக்குக்குப் பெரியமேட்டில் தோல் வியாபாரம். ஆவடியில் ஏறுகிற ஜஸ்டின் வங்கி ஊழியர். நாலாவது ஆள் நம்ம கங்காதரன். கரூரிலிருந்து வந்து பட்டாபிராமில் ஃப்ளாட் வாங்கியவர், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், வயது நாற்பத்தாறு. மற்ற மூவரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள்.

காரணம் அவர் வாய். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு அடிப்படையே இல்லைங்க. எட்டு வயசுல இருந்து மேட்ச் ஆடுறானுங்க, பிராக்டிஸ் எங்க பண்றானுங்க? ஒரு கால ஊன்றி இன்னொரு கால்ல திரும்பத் தெரியாது. வளையத்துக்குக் கீழ ஓடிப்போய் இடது கையால லே-அப் போடத் தெரியாது. தூரத்துல நின்னு மூணு பாயிண்டுக்கு வீசத் தெரியும், அவ்வளவுதான்” என்பார். ஐரோப்பாவில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆவடி முதல் வில்லிவாக்கம் வரை விளக்குவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

ஆபீசில் அவர் பேச ஆரம்பித்தால் “மைக் ஆஃப்ல இருக்கு” என்பார்கள். ஆன் செய்வதற்குள் கூட்டம் முடிந்துவிடும். வீட்டில் எல்லா முடிவும் மனைவி ஜெயப்பிரியாவும் மகளும் எடுத்து, அவருக்குத் தகவலாக வரும். இந்த ஒரு மணி நேர ரயில்தான் அவர் சொல்லை நாலு பேர் மதிக்கிற இடம். அதை விட்டால் அவருக்கு வேறு இடம் கிடையாது.

அன்றைக்கு ஒரு ஏழடிக்காரன் கடைசி நிமிஷத்தில் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் கோட்டை விட்டான். ஃப்ரீ த்ரோ என்றால், கோட்டில் நின்றுகொண்டு, யாரும் குறுக்கே வராமல், சாவகாசமாகப் போடுகிற பந்து.

“கோடி கோடியா வாங்குறான், இது போடத் தெரியலயே!” என்று கங்காதரன் கொதித்தார். “பத்துக்கு எட்டு போடாதவன் ஆட்டத்துக்கே வரக்கூடாதுங்க. நான் காலேஜ்ல ஆடும்போது பத்துக்கு ஒன்பது.”

அதற்குத்தான் லோகநாதன் போட்டுக் காட்டச் சொன்னார்.

காலேஜ் டீமில் கங்காதரன் இருந்தது உண்மை. மூன்று வருஷமும் ஸ்கோர் எழுதினார். பந்து எப்போதாவது அவர் மேஜைப் பக்கம் உருண்டு வந்தால் காலால் தள்ளிவிடுவார். அதுதான் அவருக்கும் பந்துக்கும் இருந்த உறவு.

“போடலாம்தான். முட்டியில ஆபரேஷன் ஆயிருக்குங்க” என்றார்.

அப்துல் ரசாக் விடவில்லை. “ஃப்ரீ த்ரோவுக்கு ஓடணுமா குதிக்கணுமா கோச்? கட்டில்ல படுத்தவன்கூடப் போடணும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?”

சொல்லியிருந்தார். கங்காதரன் அவசரமாக அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். “சரி, நான் மட்டும் எதுக்கு? ஜஸ்டின் ஸ்கூல் டீம் கேப்டன்ங்கிறார். ரசாக் பாய் தன்னைத் தாண்டி ஒருத்தனும் போனதில்லைங்கிறார். லோகு ஏரியா டீமே நடத்துனேங்கிறார். நாலு பேரும் போடலாம், பத்துப் பந்து. அஞ்சுகூடப் போடாதவன் அப்புறம் ரயில்ல அடிப்படையைப் பத்தி வாயே திறக்கக் கூடாது!”

பயந்து பின்வாங்குவார்கள் என்று நினைத்தார். திருமுல்லைவாயல் வரை மூவரும் கதவுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஜஸ்டின், “எனக்கு ஓகே” என்றார். “நமக்கு இன்னா பயம்?” என்றார் லோகநாதன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று முடிவாயிற்று.

பொய்க்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று மறுநாளே முட்டிக்குப் பட்டை வாங்கி மாட்டினார். திங்கள் வலது கால் நொண்டினார், வியாழன் இடது கால். “ரெண்டு முட்டியிலயுமா கோச்?” என்று ஜஸ்டின் அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமையிலிருந்து ரெண்டு காலும் நொண்டின.

இனி ஒரே வழி, யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்வது. ஆவடி, அம்பத்தூர் மைதானங்களில் தெரிந்த முகம் இருக்கும். செல்போன் வரைபடத்தில் தேடினார். வெள்ளானூரில், மனை பிரித்துப் போட்ட ஒரு நகரின் கோடியில் ஒரு மைதானம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு விமர்சனம், ஒரே ஒரு நட்சத்திரம்: ‘இங்கு யாருமே வருவதில்லை.’ கங்காதரனுக்குக் கண்ணில் நீர் வராத குறை.

விடிந்தும் விடியாமலும் வண்டியில் போய் இறங்கினார். பூட்டிய கேட். சாவி வேம்புலியம்மாள் என்கிற அம்மாளிடம் இருந்தது. மனைக்காரர்கள் அவரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அவர் ஆட்டைக் காவலுக்கு வைத்திருந்தார். கங்காதரனையும் பந்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

“புதன்கெயம மட்டும் வா நைனா. மத்த நாளு இடம் காலியில்ல.”

மிளகாய் காயப்போடுவார் போலிருக்கிறது என்று கங்காதரன் நினைத்துக்கொண்டார். “நான் வர்றது யாருக்கும் தெரியக் கூடாதுங்க. சத்தியம் பண்ணணும்.”

வேம்புலியம்மாள் சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த ஆட்டின் தலையில் கையை வைத்தார்.

உள்ளே நுழைந்ததும் கோட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெயர்ந்த பள்ளத்தில் கால் இடறி விழுந்தார். எழுந்து நாற்பது பந்து போட்டார். வளையத்தை ஒன்று தொட்டது. மற்றவை வேலியையும் ஆட்டையும் தொட்டன.

“முட்டிய மடக்கு” என்றார் வேம்புலியம்மாள். “வெறைச்சிகினு நின்னா பந்து போவாது. கம்பி சோத்துக்கைப் பக்கம் சாஞ்சிகீது பாரு, பீச்சாங்கைப் பக்கமா ஒசத்திப் போடு.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“பாத்துகினேதானே கீறேன்.”

முப்பது வருஷமாக நானும்தான் பார்க்கிறேன் என்று கங்காதரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பார்த்ததெல்லாம் கண்ணோடு நின்றுவிட்டது. கைக்கு ஒன்றும் இறங்கவில்லை. அதை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் புதன் நாற்பதுக்கு இரண்டு. மூன்றாம் புதன் ஐந்து. அந்த ஐந்தாவது பந்து வலையை மட்டும் உரசிக்கொண்டு விழுந்தபோது, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஆட்டைக் கட்டிக்கொண்டார். இப்போது முட்டி நிஜமாகவே வலித்தது. ரயிலில் நிஜமாக நொண்டினார். “பழகிருச்சு கோச்சுக்கு” என்று லோகநாதன் சிரித்தார்.

மறுநாள் அந்த ஏழடிக்காரன் மறுபடி ரெண்டு ஃப்ரீ த்ரோவை விட்டான். வழக்கமாக இந்த இடத்தில் பெட்டியே அதிரும். கங்காதரன் மெதுவாக, “கை வேர்த்திருக்குமுங்க” என்றார்.

“ஆமா, பாவம்” என்றார் லோகநாதன்.

“அத்தனை பேர் பார்க்கும்போது கஷ்டம்தான் கோச்” என்றார் அப்துல் ரசாக். ஜஸ்டின் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். தன் முட்டியை உத்தேசித்து எல்லோரும் இளகிவிட்டார்கள் என்று கங்காதரன் நெகிழ்ந்துபோனார். நூற்றுக்கு அறுபது போடுகிறவனை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தோமே என்றும் தோன்றியது. தான் போடுவது நூற்றுக்குப் பன்னிரண்டு.

அடுத்து இடம் எது என்ற பேச்சு வந்தது. சாயாத வளையத்தில் அவர் ஒரு பந்துகூடப் போட்டதில்லை. வெள்ளானூரைத் தானே சொன்னால் சந்தேகம் வரும்.

“வெள்ளானூர்ல ஒரு கிரவுண்டு கீதாம், கேள்விப்பட்டேன்” என்றார் லோகநாதன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

“நல்ல யோசனை” என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆறு வருஷத்தில் இந்த நாலு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். கடவுள் இருக்கிறார் என்று கங்காதரன் நினைத்தார்.

ஞாயிறு காலை கேட் திறந்தே இருந்தது. வேம்புலியம்மாளைக் காணோம். அப்பாடா என்றிருந்தது கங்காதரனுக்கு.

முதலில் லோகநாதன் போனார். பள்ளத்தில் விழப்போகிறார் என்று கங்காதரன் காத்திருந்தார். லோகநாதன் குனிந்துகூடப் பார்க்காமல் அதை அழகாகத் தாண்டி நின்றார். ஜஸ்டினும் தாண்டினார். அப்துல் ரசாக் செருப்பை மாற்றிக்கொண்டே தாண்டினார். கால் வேலை என்றால் இதுதான், இவர்கள் நிஜ ஆட்டக்காரர்கள் என்று கங்காதரன் முடிவுகட்டினார். மூவரும் முட்டியை மடக்கினார்கள். வளையம் சாய்ந்திருப்பதை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்து, முதல் பந்தையே இடது பக்கமாக உயர்த்திப் போட்டார்கள். என்ன ஞானம்!

ஆனால் லோகநாதன் பத்துக்கு நாலு. ஜஸ்டின் மூன்று. அப்துல் ரசாக் நாலு. கங்காதரன் கடைசியாகப் போனார். ஒன்பது பந்தில் நாலு விழுந்திருந்தது. பத்தாவது வளையத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சு போடாதவன் வாய் திறக்கக் கூடாது, ஒருவரும் போடவில்லை. நாளைக் காலை ரயிலில் நாலு ஊமைகள். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் வரை இருபது ஸ்டேஷன் என்று கங்காதரனுக்குத் தோன்றியது. அவ்வளவு இல்லை, ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. பறிபோன அந்த ஒரு மணி நேர ரயிலை எப்படித் திரும்ப வாங்குவது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். “நான் காலேஜ்ல…”

அப்போது கேட் கிறீச்சிட்டது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு வேம்புலியம்மாள் உள்ளே வந்தார். நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“இன்னா நைனா இது! திங்கக்கெயம ஒர்த்தர், செவ்வாக்கெயம ஒர்த்தர்னு ஆளுக்கொரு நாளா வந்துகினு இருந்தீங்கோ, ஒர்த்தருக்கும் சொல்லாதன்னு என் ஆட்டுத் தலையில நாலு தபா சத்தியம் வேற வாங்கினீங்கோ. இப்ப நாலு பேரும் ஒண்ணா வந்து நிக்கிறீங்களே?”