மரத்தை மர்மமாக்கிய புள்ளியக்கா

தீவுப்பகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், எழுத்து பிறக்கும் முன்பே அதன் தலையில் புள்ளி வைத்துவிடுகிற இன்னொரு ஆளை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. புள்ளியக்கா ஒருவர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கந்தோர் வரவுப் புத்தகத்தைத் தவிர வேறு எங்கும் அது பாவிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஊர்காவற்றுறையில் நான் எழுதுவினைஞனாக இருந்த அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவர் தட்டச்சாளர். அவர் தட்டுகிற சத்தம் இறங்குதுறைவரை கேட்கும். அதைக் கேட்டுத்தான் சனம் கந்தோர் திறந்துவிட்டது என்று எழும்பி வரும். தட்டிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார், யன்னலுக்கு வெளியே போகிறவரிடம் கடலுக்குப் போன தம்பியாரைப் பற்றி விசாரிப்பார், இடையில் என்னையும் ஏசுவார். தாளில் ஒரு பிழை இராது. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் காவலரணில் ஆளை மறித்து வைத்துவிடுகிற காலம் அது. அதனால் மண்டைதீவுச் சனம்கூடக் கடிதம் அடிக்க அவரைத் தேடி வந்தது.

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். பழைய தமிழ்த் தட்டச்சு மெசினில் புள்ளியை அழுத்தினால் தாள் நகராது. முதலில் புள்ளியை வைத்துவிட்டு, அதற்குக் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். அக்காவின் விரல்கள் முப்பத்தைந்து வருடமாக அப்படியே பழகியவை.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய நாட்களில் எங்கள் கந்தோருக்கும் ஒரு கணினி வந்து சேர்ந்தது. கூடவே முப்பத்திரண்டு வயதில் ஒரு புதிய பொறுப்பதிகாரியும் வந்தார். கணினியில் தமிழ் விசைகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. ஒன்றுதான் தலைகீழ். அங்கே எழுத்து முதலில், புள்ளி பிறகு. அக்கா பழையபடி புள்ளியை முதலில் அழுத்த, அது போய் முன்னால் நின்ற எழுத்தின் தலையில் குந்திக்கொண்டது. ‘மரம்’ என்று அடித்தால் ‘மர்ம’ என்று வந்தது.

இறுப்பிட்டியில் ஒருவர் தன் வளவுப் பனையைத் தறிக்க அனுமதி கேட்டிருந்தார். ‘உமது வளவிலே வளருகிற பனை மர்ம’ என்று தொடங்கிய பதிலை வாசித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தார். “பிள்ளை, என்ர வளவில என்ன மர்மம்?” என்று கேட்டார். அதே கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போன கடிதத்தில் ‘தரம் 5’ மாணவர்கள் ‘தர்ம 5’ ஆகியிருந்தார்கள்.

பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. அக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஐம்பத்தைந்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சேவை நீடிப்பு வாங்கவேண்டும், அதற்குப் பொறுப்பதிகாரியின் சிபாரிசு வேண்டும். மாத முடிவில் தன் முன்னால் ஒரு கடிதத்தைக் கணினியில் பிழையில்லாமல் அடித்துக் காட்டினால் சிபாரிசு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் அக்கா என்னை ஏசவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார், “தம்பி, என்ர மனிசன் செத்துப்போச்சு. பிள்ளையள் கனடாவில. கந்தோரும் இல்லையெண்டா நான் ஆரை ஏசுறது?”

முதலில் அவரை யாழ்ப்பாணத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில் திரும்பிவிட்டார். படிப்பித்தவர், இவருக்குக் காது கேட்காது என்று தானாகவே முடிவுசெய்து, ஒவ்வொரு சொல்லையும் கத்திச் சொல்லியிருக்கிறார். போதாததற்கு அக்காவின் கையைப் பிடித்து விசையில் வைத்திருக்கிறார். “எனக்கு விரல் எங்க இருக்கெண்டு காட்டித் தாறான்” என்று ஒரு கிழமை குமுறினார்.

பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அவருக்குக் கண்ணில் நீர் வடியும் என்பதால் காலை வேளையை ஒதுக்கினோம். யன்னல் வெளிச்சம் படாமல் திரையைத் திருப்பி, எழுத்தைப் பெரிதாக்கி, கதிரைக்கு ஒரு தலையணையும் போட்டோம். எல்லாம் சுகமாகத்தான் இருந்தது, புள்ளியைத் தவிர. “எனக்கு விளங்குது. விரலுக்கு விளங்குதில்லை” என்றார்.

ஒருநாள் மின்சாரம் போய், சேமிக்காமல் விட்ட கடிதம் முழுவதும் காணாமல் போனது. அக்கா கண்ணை மூடி, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரை மன்றாடத் தொடங்கினார். எங்களோடு வேலை செய்த லிங்கம் நயினாதீவுக் குருக்கள் வீட்டுப் பிள்ளை. சேமிக்காததை எந்தத் தெய்வமும் எடுத்துத் தர ஏலாது என்று பக்குவமாக விளக்கினான். கடலில் விழுந்த மோதிரத்தையே எடுத்துத் தந்தவருக்கு இது பெரிய காரியமா என்று கேட்டு அக்கா அவன் வாயை அடைத்தார். கடிதம் வரவில்லை. அக்கா அந்தோனியாரை விட்டுவிட்டு லிங்கத்தோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

வழியை அவரே கண்டுபிடித்தார். கோயிலில் பிரார்த்தனை மாலை சொல்லும்போது ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்ல, சனம் முழுவதும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லும். அந்தப் பதில் முடியாமல் அடுத்த பெயர் வராது. ஒரு திங்கட்கிழமை கைப்பையை மேசையில் வைத்ததும் வைக்காததுமாக அறிவித்தார்.

“புள்ளி வாற எழுத்தை நான் சொல்லி அடிக்கிறன். நீங்கள் எல்லாரும் ‘புள்ளி’ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுமட்டும் என்ர விரல் அசையாது.”

அப்படியே நடந்தது. அக்கா “ம” என்பார், கந்தோரில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் “புள்ளி” என்போம். அக்கா “க” என்பார், நாங்கள் “புள்ளி” என்போம். லிங்கம் அதைத் தேவார இராகத்தில் இழுத்தான். அலுவலாக வந்து நின்ற சனமும் சேர்ந்துகொண்டது. ஒரு கிழவி உள்ளே செபம் நடக்கிறது என்று நினைத்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பொறுப்பதிகாரி ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இரண்டு கிழமையில் மரம் மரமாக நின்றது. ஆனால் நாங்கள் வாயை மூடினால் மறுபடி மர்மம்தான்.

சோதனை நாள் வந்தது. பொறுப்பதிகாரி கதிரையை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்றார். நான் பின்னால் கோப்பு அடுக்குகிற சாட்டில் நின்றேன். அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். ஒவ்வொரு புள்ளி எழுத்துக்கும் உதடு அசைந்தது, பிறகு காதைக் கொடுத்து ஒரு கணம் காத்திருந்தார். நாங்கள் ஐந்து பேரும் சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தோம்.

தட்டச்சாளர் ஒருவரைப் பற்றிய கடிதம் அது. புதிய முறையைத் தானே வழி கண்டு பழகிக்கொண்டார் என்று பொறுப்பதிகாரி சொன்னார். இவரிடம் மற்ற உத்தியோகத்தர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அக்காவின் விரல் மெதுவாகியது. “ஆகவே, இவருக்கு மேலும் ஓராண்டு சேவை நீடிப்பு வழங்குமாறு சிபாரிசு செய்கிறேன்.”

‘செய்கிறேன’ என்பதோடு விரல் நின்றுவிட்டது. அக்காவின் கண்ணாடி முழுவதும் நீர். விசையும் தெரியவில்லை, திரையும் தெரியவில்லை.

பொறுப்பதிகாரி குனிந்து, மெல்லச் சொன்னார், “புள்ளி.”

அக்கா புள்ளியை வைத்தார். அது சரியான தலையில்தான் போய் உட்கார்ந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பின்னால் நின்ற என்னைப் பார்த்து, “நீர் ஏன் அழுகிறீர்? போய் அந்தக் கோப்பை ஒழுங்கா அடுக்கும்” என்று ஏசினார்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இருந்திருந்தால் அவரிடம் இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கவும் மாட்டேன், அவர்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கவும் மாட்டேன்.