பெண் வீடு, பூஜ்யம் மீட்டர்

மணி ஒன்பது நாற்பது. பத்தரைக்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும். பதினொன்றுக்கு வேறொரு மாப்பிள்ளை வருவதாகப் பெண்ணின் அப்பாவே போனில் சொல்லியிருந்தார்.

சித்தூர் தாண்டி, பங்காருபாளையம் போகும் சாலை. அம்பாசிடரின் முன்சீட்டில் கமலக்கண்ணன் கைக்கடக்கமான ஒரு கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெக்சாஸில் வாங்கியது. திரையில் ஓர் அம்பு. அதன் கீழே 'பெண் வீடு, இரண்டு கிலோமீட்டர்'.

பெண் ரோஹிணியோடு ஒரே ஒருமுறை போனில் பேசியிருந்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக லீவை ஒரு வாரம் நீட்டியிருந்தான்.

பின்சீட்டில் அம்மா தாட்சாயணி, பக்கத்தில் மாமா செங்கல்வராயன். பத்து நாளைக்கு முன் பெண் வீட்டுக்கு ஜாதகம் கொண்டுபோனவர் மாமாதான். அப்போது கருவியையும் கொடுத்து, இடத்தைக் குறிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு வரச் சொல்லியிருந்தான்.

"நான் வழி சொல்றேன் மாப்ளே."

"சும்மா இருங்க மாமா. மேல இருபத்துநாலு சாட்டிலைட்டு சுத்திக்கினு கீது. அதுல நாலு நம்மளப் பார்த்தா போதும். ஒவ்வொண்ணும் எவ்ளோ தூரம்னு கணக்குப் போட்டு, நாம நிக்கிற இடத்த இது சொல்லிடும்."

"நான் ஒருத்தன் அந்த வீட்டையே பார்த்துட்டு வந்துக்கிறேன்."

சாலை இடப்பக்கம் வளைந்தது. அம்பு வலப்பக்கத்து மாந்தோப்பைக் காட்டியது.

"உள்ள விடு முனிசாமி."

"டீக்கடையில ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்" என்றார் டிரைவர்.

"இது கையில இருக்க யாரையும் கேக்க வேணாம்."

நூறடி போனதும் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. மரத்தடியில் நாலு சாட்டிலைட் இரண்டானது, அம்பு மறைந்தது. வானம் தெரிய வேண்டும் என்று கமலக்கண்ணன் கார்மேல் ஏறினான்.

"சார், டாப்பு நசுங்குது!"

"நாலு வந்துடுச்சு! நடந்தே போயிடலாம்."

முனிசாமி காரோடு தங்கிவிட்டார். மற்ற மூவரும் நடந்தார்கள். அம்மா பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டாள். ஐந்நூறு மீட்டரில் கமலக்கண்ணனின் ஷூ சேற்றோடு போனது. முள்வேலியில் சட்டைக்கை கிழிந்தது.

எண்பது. முப்பது. பத்து.

"எம்மா, வந்துட்டோம்!"

வேலியை விலக்கினான். பூஜ்யம்.

தார்ச்சாலை. அவர்கள் விட்டு இறங்கிய அதே சாலை. ஒரு மைல்கல், இரண்டு ஆடுகள். வீடு எதுவும் இல்லை.

மணி பத்து ஐம்பது.

கருவியை அணைத்து மறுபடி போட்டான். பேட்டரியை மாற்றினான். மைல்கல் மேல் ஏறி நின்று பார்த்தான். பூஜ்யம். கடல் தாண்டி வழி தப்பாமல் வந்தவன், ஒற்றை ஷூவோடு நின்றான். வேறொருவன் இந்நேரம் ரோஹிணி வீட்டுப் படியேறிக்கொண்டிருப்பான்.

"சாட்டிலைட்டுதாம்மா ஏதோ தப்புப் பண்ணிடுச்சு."

"உனக்கும் அதுக்கும் இன்னாடா பகை?" என்றாள் அம்மா.

கமலக்கண்ணன் மெதுவாக மாமா பக்கம் திரும்பினான். "மாமா, பொண்ணு வீட்டு வாசல்ல நின்னுக்கினுதானே அமுக்கினீங்க?"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்கு அதுகூடத் தெரியாதா? வாசல்ல நிக்கும்போது ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி, நல்ல ராகு காலம். கல்யாணக் காரியத்த அதுலயா ஆரம்பிப்பாங்க? ஆறு மணி ஆவட்டும்னு இருந்து, திரும்பி வர்றப்போ பஸ்ஸுல ஜன்னலாண்ட உக்காந்துக்கினு, சாமியக் கும்புட்டுட்டு இல்ல அமுக்கினேன்?"