கிளாக்குக்கு ஜுரம் பார்த்தது

எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புகிற ரகம் நான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். (பூட்டு தேய்ந்ததே என்னால்தான் என்பது என் கணவரின் குற்றச்சாட்டு.) என் மகள் ஷீபா பிறந்த பிறகு இந்த வியாதி அவள் நெற்றிக்கு இடம் மாறியது. தூங்கினால் தொடுவேன், அதனால் விழித்து அழுதால், ஏன் அழுகிறாள் என்று மறுபடி தொடுவேன்.

என் மாமியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது கொஞ்சமும் பிடிக்காது.

"கைய வெச்சி ஜுரம் பாக்காத லீலா. உன் கையே ஐஸ் மாதிரி கீது. அந்தக் கையால தொட்டா கட்டில் காலுக்குக்கூட ஜுரம் அடிக்கும். தெர்மாமீட்டர் வை."

"சரிங்க அத்தை" என்பேன். அவர் அந்தப் பக்கம் போனதும் தொடுவேன்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தவள், பிரசவத்துக்காகப் பாதியில் நின்றிருந்தேன். கல்லூரி ஒரு தடவை அவகாசம் கொடுத்தது. ப்ராஜெக்டை முடித்து அந்த வருஷ வாய்மொழித் தேர்வில் தேறினால் பட்டமும், அங்கேயே ஒரு விரிவுரையாளர் வேலையும். தவறினால் இரண்டும் போச்சு. முதல் பருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கைக்குழந்தையோடு அது நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ப்ராஜெக்டுக்கு விஷயம் கொடுத்தவர் கணவர். அவர் வேலை பார்த்த தோல் கம்பெனியில், தோலின் பரப்பை அளக்கிற மெஷின் ஒன்று இருந்தது. உள்ளூரில் யாரோ செய்து கொடுத்தது.

"காலைல அளந்தா ஒரு கணக்கு, மத்தியானம் அதே தோலை அளந்தா கம்மியா காட்டுது. வெயில்ல தோல் சுருங்குதா, மெஷின் சுருங்குதா? தினம் பேஜாரு" என்றார்.

சுருங்கியது கிளாக். ஐ.சி. என்கிற சில்லு தாளம் கேட்டு வேலை செய்வது. அந்தத் தாளத்தை இடைவிடாமல் போடுகிற துடிப்புக்குத்தான் கிளாக் என்று பெயர். சூடு ஏறினால் தாளம் தளரும். தோல் அதே வேகத்தில் உருளைக்கு அடியில் ஓட, மெஷின் மெதுவாக எண்ணினால் கணக்கு குறையத்தானே செய்யும்? இதற்கு வைத்தியம் உண்டு. சூட்டில் மதிப்பு ஏறுகிற ஒரு பாகத்தையும், இறங்குகிற இன்னொரு பாகத்தையும் சரியான அளவில் சேர்த்துவிட்டால், ஒன்று கெடுத்ததை மற்றது சரிக்கட்டும். (எங்கள் வீட்டில் நான் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடுவேன், அத்தை கழற்றுவார். பிள்ளை நடுவில் ஒரே சூட்டில் இருந்தது.)

என் சர்க்கியூட்டை ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடி, ஓரத்தில் துளை போட்டு ஒயர்களை வெளியே எடுத்திருந்தேன். மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காய வைத்தேன். ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வேலூர் மாவட்டத்தில் சூட்டுக்கு அலைய வேண்டியதில்லை. துடிப்பு அசையவில்லை. துடிப்பை எண்ணுகிற மீட்டரில் நூறு என்றால் நூறு.

தேர்வு நாள். டப்பாவைச் சூடாக்க, பக்கத்து வீட்டு ஷாஹினா அக்காவிடம் ஹேர் டிரையர் இரவல் வாங்கினேன். "ஜாஸ்தி வெக்காதம்மா, பொகையும்" என்று சொல்லிக் கொடுத்தார். குளிர வைக்க ஒரு ஃபிளாஸ்க் நிறைய ஐஸ். பாப்பாவின் பால்பவுடருக்கு இன்னொரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய சிவப்பு ஃபிளாஸ்க். எது எது என்று குழம்பாமலிருக்க, ரயிலில் மூடியைத் திறந்து திறந்து சரிபார்த்துக்கொண்டே வந்தேன். (குழப்பம் அங்கேதான் நடந்தது என்பது இப்போது தெரிகிறது.) காட்பாடியில் இறங்கி, ஒன்றை அத்தையிடம் கொடுத்துப் பாப்பாவோடு வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியரும், வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஜூனியர் மாணவர்கள். டிரையரைப் போட்டேன். டப்பா சுட்டது. மீட்டரில் நூறு. பேராசிரியர் முகத்தில் சிரிப்பு.

"மூடின டப்பாக்குள்ள இருக்கிறது சர்க்கியூட்டா சாம்பார் சாதமான்னு எனக்கு எப்படித் தெரியும்? திறந்து செய்யுங்க" என்றார் தேர்வாளர்.

திறந்தேன். டிரையரைக் காட்டினேன்.

"சில்லு வரைக்கும் சூடு போச்சா?"

போச்சா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விரலை வைத்துப் பார்த்தேன். மீட்டர் தொண்ணூற்றேழுக்கு இறங்கியது.

ஐயோ, சூட்டில் தளர்கிறதே! இடது கை விரலை எடுக்காமலே, வலது கையால் சரிசெய்கிற திருகைத் திருப்பினேன். நூறு. நிம்மதியாக விரலை எடுத்தேன். நூற்று மூன்று. மறுபடி திருப்பி நூறுக்குக் கொண்டுவந்தேன். நிஜமாகவே சூடாகத்தான் இருக்கிறதா என்று தொட்டேன். தொண்ணூற்றேழு. பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பேராசிரியரின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"விடுங்க. குளிர்லயாவது நிக்குதா பார்ப்போம்" என்றார் தேர்வாளர்.

தட்டில் டப்பாவை வைத்து, அதைச் சுற்றி ஐஸைக் கொட்ட ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தேன். ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது.

அதே நேரம் கதவு திறந்தது. ஒரு இடுப்பில் அலறுகிற ஷீபா, மறு கையில் சிவப்பு ஃபிளாஸ்க், நடுவில் அத்தை.

"இன்னா லீலா இது! பச்சப் புள்ளைக்கு ஐஸ் கட்டியா கரைச்சிக் குடுக்கச் சொல்ற?"

நானோ, ஆவி பட்டுச் சில்லு என்ன ஆனதோ என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கண் என் கைக்குப் போனது.

"மொதல்ல கைய எடு! எத்தினி வாட்டி சொல்றது, கைய வெச்சிப் பாக்காதன்னு!"

அவருக்கு அது சர்க்கியூட்டா சாம்பார் சாதமா என்று தெரியாது. வாய்ப் பழக்கத்தில் சொன்னார். நான் மாமியார் பயத்தில் வெடுக்கென்று எடுத்தேன். மீட்டர் மூன்று எண் ஏறி, அசையாமல் நின்றது.

தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மறுபடி வைங்க."

வைத்தேன். இறங்கியது.

"எடுங்க."

ஏறியது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, என்னையும் சேர்த்து. தளர்த்தியது சூடு அல்ல, என் விரல். உடம்பும் ஒரு மின்பாகம்தான்; தாளம் போடுகிற சில்லின் கம்பிக் கால்மேல் கையை வைத்தால் தாளம் தடுமாறாதா?

"இவ்வளவு நேரம் கையை வெச்சு என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

சூடு பார்த்தேன் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"ஜுரம் பார்த்தேன் சார்."

ஜூனியர்கள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் குலுங்கியது. பிறகு என்மேல் இரக்கப்பட்டு, "வேற ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம்மா" என்றார்.

வேறு நாள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் எங்கிருந்தோ ஒரு பிடிவாதமும் வந்தது. சர்க்கியூட் என்ன தப்பு செய்தது?

"இல்ல சார். இப்பவே முதல்ல இருந்து செய்றேன். என் கை இல்லாம."

தேர்வாளர் அத்தையைப் பார்த்தார். "அம்மா, நீங்களும் இங்கயே இருங்க. இவங்க கையைப் பார்த்துக்கங்க."

டப்பாவைத் துடைத்துக் காய வைத்தேன். திருகை நூறில் நிறுத்திவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டேன். டிரையரைப் பேராசிரியர் பிடித்தார். லேபில் இருந்த தெர்மாமீட்டரை, அத்தை உத்தரவுப்படி, சில்லுக்குப் பக்கத்தில் படாமல் வைத்தோம். மீட்டரில் நூறு. ஐஸைச் சுற்றிக் கொட்டினோம். நூறு. என் விரல்கள் அக்குளுக்குள் துடித்தன, விடவில்லை.

"சர்க்கியூட் ஸ்டெடியாத்தான் இருக்கு. நீங்கதான் இல்ல" என்று சொல்லித் தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். வெந்நீர் முழுவதும் கொட்டிவிட்டதால் ஷீபாவுக்குக் கேன்டீனில் பால் ஆற்றிக் கொடுத்தோம்.

அதிலிருந்து வீட்டில் நான் எதைத் தொட்டாலும் ஒரே வசனம்தான். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால், "கைய எடு, ரீடிங் மாறிடும்" என்பார் கணவர். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் ஷீபாகூட, நெற்றியைத் தொட்டால் கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்.

போன மாதம் அவள் சோர்ந்து படுத்திருந்தாள். நான் திருந்தியவள் ஆயிற்றே. கையைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தேன். ஜுரம் இல்லை என்றது. அத்தையும் தலையாட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும் தொட்டேன். கொதித்தது. தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கதையை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.